மாவு ஒண்ணு... மார்க் ரெண்டு!

விருதுநகரில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நண்பன் "முக்கியமான விஷயம் பேசணும், வா" என்று கூப்பிட்டால், அது காதலோ கடனோ, பரோட்டா கடையில்தான் பேசப்படும். ஊர் வழக்கம். அன்றைக்கு விஷயம், கடன்.

நண்பன் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். தினசரி காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சாகிற இடம். கல்யாணமாகி, குழந்தையும் பிறந்து, 'பைக்கில் மூணு பேர் போறது நல்லாவா இருக்கு?' என்று மாமியார் கேட்டுவிட்டதால், கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. இலை போட்டு சால்னா வருவதற்குள், இரண்டு கொட்டேஷன்களை எடுத்து மேஜை மேல் விரித்தான்.

"மாப்ளே, நல்லாப் பாரு. ஷோரூம் வேற, பேர் வேற, முன்னாடி ஒட்டியிருக்கிற சின்னம் வேற. ஆனா வீல்பேஸ் ஒரு மில்லிமீட்டர் மாறலே. இன்ஜின் சி.சி. ஒண்ணு. டிக்கி அளவுகூட ஒண்ணு. விலை மட்டும் ஒரு லட்சம் வித்தியாசம். ஒரே வண்டியை ரெண்டு பேர்ல விக்கிறானா?"

நியாயமான கேள்வி. மாதச் சம்பளக்காரன் கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட. பத்து லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று கணக்குப் போட்டால் இ.எம்.ஐ. 16,089 ரூபாய். அந்த இன்னொரு லட்சத்தையும் கடனிலேயே சேர்த்தால் மாதம் இன்னும் 1,609. 84 மாதத்துக்கு 1,35,000 ரூபாய்க்கு மேல். குழந்தையின் இரண்டு வருஷ ஸ்கூல் ஃபீஸை பானெட் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளி வில்லைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

பதில் சொல்ல முதலில் ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளாட்ஃபார்ம்!

நமக்கு பிளாட்ஃபார்ம் என்றால் விருதுநகர் ஜங்ஷனில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து கொசு அடிக்கும் இடம். கார் கம்பெனிக்காரர்களுக்கு வேறு. காரின் மேல்சட்டையைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருக்கிறதே... அடித்தளம், சக்கரங்களைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், இன்ஜின் உட்காரும் இடம், ஒயரிங் வகையறா... இதெல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்ஃபார்ம். நம் கண்ணில் படாத பகுதி. கம்பெனிக்குப் பணம் அதிகம் கரைகிற பகுதி.

புரியவில்லையா? மாஸ்டரைப் பாருங்கள். சாயங்காலம் பிசைந்து வைத்த ஒரே மைதா மாவு. அதைத் தட்டி எண்ணெயில் பொரித்தால் எண்ணெய் பரோட்டா. விசிறி மடித்துப் போட்டால் வீச்சு. முட்டையை உடைத்து ஊற்றி, கல்லின் மேல் தாளம் போட்டால் கொத்து. பில்லில் பெயர் வேறு, விலை வேறு. மாவு ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாவு பிசைந்தால் மாஸ்டருக்கு முதுகு போகும், முதலாளிக்குக் கடை போகும்.

கார் கம்பெனிக்கும் அதே கதைதான். அடியேன் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் உருப்படியாக மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று. நிலையான செலவை எத்தனை பேர் தலையில் பங்கு போடுகிறோமோ, அத்தனை லாபம். உதாரணத்துக்கு, ஒரு பிளாட்ஃபார்ம் உருவாக்க 1,000 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லட்சம் கார் விற்றால் கார் ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் சுமை. நாலு லட்சம் கார் விற்றால் 25,000 ரூபாய்தான். ஒரே பெயரில் நாலு லட்சம் விற்க முடியாதா? இரண்டு பெயரில் விற்றுவிடு!

கற்பனை போதும், நிஜத்துக்கு வருவோம். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2018-ல் இந்தியாவுக்கு 100 கோடி யூரோ முதலீடு என்று அறிவித்தது. பொறுப்பு, ஸ்கோடாவிடம். அந்தப் பணத்தில் இந்தியாவுக்கென்றே ஒரு பிளாட்ஃபார்மைச் செதுக்கினார்கள். 2021-ல் ஸ்கோடா குஷாக் வந்தது, அதே வருஷம் ஃபோக்ஸ்வாகன் டைகுன். 2022-ல் ஸ்கோடா ஸ்லாவியா, பின்னாலேயே ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ். நாலும் புனே பக்கத்தில் சாக்கனில் தயாராகிறவை. குஷாக்கின் வீல்பேஸ் 2,651 மில்லிமீட்டர். டைகுனின் வீல்பேஸ்? அதேதான்! இன்ஜின்களும் அவையே, ஒரு லிட்டரும் ஒன்றரை லிட்டரும்.

"அப்போ ஏமாத்து வேலைதானே?" என்றான் நண்பன், பரோட்டாவைப் பிய்த்தபடி.

பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா இது? சிவகாசிக்காரனுக்குத் தெரியாத மார்க்கா?

நம்ம பக்கத்தில் 'பிராண்டு' என்று யாரும் சொல்வதில்லை. 'என்ன மார்க்?' என்றுதான் கேட்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிகூட சேவல் படத்தைக் காட்டி 'இந்த மார்க் குடு' என்று பட்டாசு வாங்கியிருக்கிறாள். அந்தப் படம் ஓர் உத்தரவாதம். 'போன தீபாவளிக்கு வெடிச்சது, இந்த தீபாவளிக்கும் வெடிக்கும்.' அவ்வளவுதான் பிராண்டு. மிச்சமெல்லாம் விளம்பர ஏஜென்ஸி பில்.

அட, சிவகாசியின் கதையே ஒரே மாவில் இரண்டு மார்க்தான்! 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சேர்ந்து தொடங்கினார்கள். பிறகு தனித்தனியாகப் பிரிந்து, ஒருவர் நேஷனல் என்றும் இன்னொருவர் காளீஸ்வரி என்றும் வளர்ந்தார்கள். படித்த பாடம் ஒன்று; மார்க் இரண்டு. இரண்டும் நிலைத்தன. காரணம், லேபிளோடு நிறுத்தாமல் ஆளுக்கொரு பெயரைத் தனித்தனியாகச் சம்பாதித்தார்கள்.

இங்கேதான் சூட்சுமம். ஒரே மாவைப் பங்கு போடுவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, மாவை வாங்கி வேறு பரோட்டா போடுவது. இன்னொன்று, போட்ட பரோட்டாவையே வேறு தட்டில் வைப்பது. இரண்டாவது ரகத்துக்கு ஆங்கிலத்தில் 'பேட்ஜ் இன்ஜினியரிங்' என்று ஸ்டைலாகப் பெயர். நம்மூர் பாஷையில், லேபிள் ஒட்டுவது.

லேபிள் ஒட்டுவதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். சென்னை பக்கத்தில் ஒரகடம் போதும். ரெனால்ட்டும் நிசானும் 1999-லிருந்து கூட்டாளிகள். இருவருக்குமான தொழிற்சாலை 2010-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. முதலில் நிசான் மைக்ரா வந்தது. 2012-ல் அதற்கே முன்பக்கத்தை மாற்றி ரெனால்ட் பல்ஸ் என்றார்கள். நிசான் சன்னிக்குச் சட்டை மாற்றி ரெனால்ட் ஸ்காலா என்றார்கள். நம்மாள் என்ன, விரல் சூப்புகிறவனா? 'மைக்ராதானே இது?' என்று கேட்டுவிட்டுப் போனான். பல்ஸும் ஸ்காலாவும் சில வருஷத்தில் சத்தமில்லாமல் மறைந்தன.

அடுத்து, ரூட்டைத் திருப்பினார்கள். 2012-ல் வந்த ரெனால்ட் டஸ்டர் சக்கைப்போடு போட்டது. மறு வருஷம் அதையே நிசான், டெரானோ என்று கொண்டு வந்தது. முகம் மாறியது, விளக்குகள் மாறின, உள்ளே கொஞ்சம் மினுக்கு. விலை டஸ்டரைவிடக் கூடுதல்! டஸ்டருக்குக் கிடைத்த வரவேற்பு டெரானோவுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் ஹிட்டானால் தம்பியும் ஹிட்டாக வேண்டும் என்று சினிமாவிலேயே சட்டம் இல்லையே, கார் மார்க்கெட்டில் எங்கே இருக்கப் போகிறது?

முதல் ரகத்தை ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. கொரியாக்காரர்கள். 1997-ல் கியா கம்பெனி திவாலானது. மறு வருஷம் அதை ஹூண்டாய் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டுக்கும் அடித்தளமும் இன்ஜினும் பொதுச் சொத்து. அப்படியே விட்டிருந்தால் கியா, ஹூண்டாயின் மலிவு லேபிளாகவே செத்திருக்கும். 2006-ல் பீட்டர் ஷ்ரையர் என்ற ஜெர்மானியரைக் கூட்டி வந்தார்கள். ஆடி டிடி காரை வரைந்த கைகளில் ஒன்று அவருடையது. அவர் கியாவுக்கென்றே ஒரு முகம் வரைந்தார். 'புலி மூக்கு' கிரில்! அதன் பிறகு தூரத்தில் வரும்போதே 'கியா வருது' என்று சொல்ல முடிந்தது.

நம் ஊரில் அதன் பலன்? 2019-ல் வந்த முதல் கியா செல்டோஸும், 2020-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஹூண்டாய் க்ரெட்டாவும் அடியில் உறவு. இரண்டின் வீல்பேஸும் 2,610 மில்லிமீட்டர். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கிறது, மற்றது ஆந்திராவில் பெனுகொண்டாவில். பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றை மற்றது என்று யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். வீச்சும் கொத்தும் மாதிரி. இரண்டுக்கும் ஆள் வந்தது. மாவு ஒன்று என்று தெரிந்த பிறகும் வந்தது.

தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு ஏணி இருந்தது. செவர்லேயில் ஆரம்பித்து, சம்பளம் ஏற ஏற போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக் என்று ஏறி, கடைசிப் படியில் கேடிலாக். 1920-களில் போட்ட ஏணி. பிறகு செலவு மிச்சம் என்று படிகளையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். 1982 மாடலாக கேடிலாக் சிமரான் என்று ஒரு வண்டி. பிரித்துப் பார்த்தால் உள்ளே செவர்லே கவாலியர்! (சிம்ரன் ரசிகர்கள் மன்னிக்கவும், ஸ்பெல்லிங் வேறு.) ஆயிரக்கணக்கான டாலர் கூட வைத்து விற்றார்கள். 1988-ல் மூட்டை கட்டினார்கள். சிமரான் போனது பெரிதல்ல. 'கேடிலாக்னா கேடிலாக்தான்யா' என்ற பெயரில் கீறல் விழுந்ததே, அதுதான் நஷ்டம். ஓல்ட்ஸ்மொபைல் 2004-லும் போன்டியாக் 2010-லும் ஒரேயடியாக மூடப்பட்டன. அக்கவுண்டிங்கில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். பேலன்ஸ் ஷீட்டில் ஒரே வரி. கரைய ஆரம்பித்தால் கம்பெனியையே இழுத்துக்கொண்டு போகும்.

"கம்பெனிக்காரன் நஷ்டம் இருக்கட்டும் மாப்ளே. என் நஷ்டத்தைச் சொல்லு" என்றான் நண்பன். வாஸ்தவம். பணம் அவனுடையது.

வண்டி ஒன்றே என்றால், கூடக் கொடுக்கிற பணம் எதற்கு? வண்டிக்கு வெளியே இருக்கிற சமாசாரங்களுக்கு. இதைத் தெளிவாகக் காட்டியது ஒரே தாய்க் கம்பெனிக்குள் நடந்த கதை அல்ல, பங்காளிகள் கதை. மாருதி சுசுகியின் பலேனோவை வாங்கி, 2019-ல் கிளான்ஸா என்று தன் சின்னம் ஒட்டி விற்றது டொயோட்டா. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அன்று மாருதி கொடுத்த வாரன்டி இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். டொயோட்டா கொடுத்தது மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். கார் ஒன்று, வாக்குறுதி வேறு. 2024-ல் மாருதியும் மூன்று வருஷம், ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று ஏற்றிவிட்டது. அதனால் போன வருஷத்து ஆலோசனையை வைத்து இந்த வருஷம் கார் வாங்காதீர்கள்.

எதிர்த்திசையிலும் நடந்தது. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸை 2023-ல் மாருதி, இன்விக்டோ என்று விற்க ஆரம்பித்தது. ஹைகிராஸுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த கூட்டம், இன்விக்டோ பக்கம் அவ்வளவாகத் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய தொகை கொடுக்கும்போது, ஜனங்கள் காரோடு சேர்த்து 'இன்னோவா' என்ற சொல்லையும் கேட்கிறார்கள்.

இன்னொன்று, நட்சத்திரம். அண்ணன் மோதல் சோதனையில் தேறினால் தம்பியும் பாஸ் என்று நாமாக மார்க் போடக்கூடாது. பிளாட்ஃபார்ம் ஒன்றானாலும் ஏர்பேக் எண்ணிக்கை, மேல்கூட்டின் பலம் எல்லாம் மாறலாம். குஷாக்கும் டைகுனும் 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. அதே 2022-ல் நிசான் மேக்னைட்டும் ரெனால்ட் கைகரும், பெரியவர்கள் பாதுகாப்பில் நாலு நட்சத்திரம். அந்தப் பெயருக்கு, அந்த வருஷ மாடலுக்கு என்ன ரிசல்ட் என்று தனியாகப் பார்க்க வேண்டும். குழந்தை பின்சீட்டில் உட்காரப் போகிறது. 'உறவுக்காரன் நல்லவன்' என்று பெண் கொடுக்கிற விஷயமில்லை இது.

கடைசியாக, யாரும் ஷோரூமில் சொல்லாத சங்கதி. மார்க் செத்துப்போனால்?

நடக்காத கதையா? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நிசானின் டட்சன் 2022-ல் போய்ச் சேர்ந்தது. இப்படிப் போன மார்க்குகளில் ஒன்றை என் சித்தப்பா வாங்கினார். எது என்று வேண்டாம், அவருக்கு பி.பி. ஏறும். சாத்தூர் பக்கம் ஒரு லோடு ஆட்டோ பின்னால் வந்து செல்லமாகத் தட்டியதில் டெயில் லைட் போயிற்று. இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஆனால் கிளட்ச் போனபோது ஒரே நாளில் வேலை முடிந்தது. எப்படி? அதே இன்ஜினும் கிளட்ச்சும் உள்ள உடன்பிறப்பு, வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது!

இதுதான் ஒரே மாவின் நல்ல முகம். டட்சன் ரெடி-கோ வைத்திருப்பவருக்கு ரெனால்ட் க்விட் ஓர் அண்ணன், இன்ஜின் ஒன்று. டெரானோவுக்கு டஸ்டர். ஒரகடம் தொழிற்சாலையில் நிசானின் பங்கையும் 2025-ல் ரெனால்ட் வாங்கிக்கொண்டது. ஆனாலும் நிசான் கார்கள் அங்கேயேதான் தயாராகின்றன. அதே வருஷம் நிசான் அறிவித்த டெக்டன், புதிய டஸ்டரின் உடன்பிறப்பு. உறவு தொடர்கிறது. என்ன ஒன்று, இன்ஜினுக்கு அண்ணன் இருப்பான். பம்பருக்கும் பல்புக்கும் யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் பாகமெல்லாம் மார்க்கோடு போய்விடும்.

ஆக, நண்பனிடம் கொட்டேஷனின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: என்னென்ன வேறு என்று வரிசையாகக் கேள். ஏர்பேக், வாரன்டி, சர்வீஸ் செலவு. வில்லையையும் கிரில்லையும் தவிர ஒன்றுமே வேறில்லை என்றால், விலை குறைந்ததை எடு.

இரண்டு: சர்வீஸ் எங்கே? பக்கத்திலேயேவா, மதுரைக்குப் போகணுமா? சிவகாசியிலிருந்து போய் வர ஏறக்குறைய 150 கிலோமீட்டர், கூடவே ஒரு நாள் லீவு. தீபாவளிக்கு முன்னால் லேபிள் சீசன், அது முடியுமுன் காலண்டர் சீசன். பிரஸ்ஸில் லீவு கேட்டால் முதலாளி அண்ணாச்சி முகத்தில் தெரியும் வெடி, எந்த மார்க்கிலும் கிடைக்காது.

மூன்று: ஏழு வருஷம் கழித்து இ.எம்.ஐ. முடிகிற அன்று, இந்த மார்க் ஊரில் இருக்குமா? சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் ரோட்டில் எத்தனை ஓடுகிறது, பழைய வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று பத்து பேரிடம் கேட்க முடியும்.

கேட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து கேட்டான். வண்டியும் எடுத்துவிட்டான். எது என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் பாதி என்னைத் திட்டித்தான் இருக்கும். பில்லில் கூட விலைதான் கொடுத்தானா, குறைந்த விலையா? அதையும் சொல்கிறேன். கூடத்தான் கொடுத்தான், அதுவும் முப்பதாயிரம். முதலில் கேட்ட ஒரு லட்சத்தை, 'ரெண்டும் ஒரே மாவுதானே சார்' என்ற ஒரே வரியைச் சொல்லி அவ்வளவுக்கு இறக்கியிருந்தான். அந்த முப்பதாயிரமும் எதற்கு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

புது வண்டியில் முதல் சவாரி எங்கே? வேறெங்கே, அதே பரோட்டா கடை. மாஸ்டர் வெளியே வந்து, எலுமிச்சம்பழம் நசுங்கிய டயரையெல்லாம் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். நண்பன் பெருமையாக மாவுத் தத்துவம் முழுக்க ஒப்பித்தான். பொறுமையாகக் கேட்டவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கரெக்டுதான் தம்பி. இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் மைதா ஒரே மில்லுலேருந்துதான் வருது. நீங்க ஏன் இங்கேயே வர்றீங்க?"

"சால்னாவுக்கு" என்றோம், கோரஸாக.

"அதைப் பார்த்துத்தானே வாங்கினீங்க? அப்ப சரி" என்று கல்லுக்குப் போய்விட்டார்.